இறங்கும் இடத்தில் வெள்ளை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, என்னைப் பற்றி உங்களிடம் யாரோ கதை கட்டி விட்டிருக்கிறார்கள். "அந்த அக்கா திரையைப் பார்த்தே காற்று எந்தப் பக்கம் அடிக்குது எண்டு சொல்லிடுவா" என்பது அதில் ஒன்று. சுத்தப் பொய். காற்று எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால், ஜன்னலுக்கு வெளியே எட்டி யாராவது கொடியில் காயப்போட்ட சாரத்தைப் பார்ப்பேன். சாரம் பொய் சொல்லாது. திரை சில நேரம் சொல்லும்.

உங்கள் பொறுப்பாளர் வந்து பேசச் சொன்னார். நேரில் பேசினால் உங்களைக் கேலி செய்தே நேரத்தைப் போக்கிவிடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன். கமராவை ஹெலிகொப்டரில் எப்படிப் பூட்டுவது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் இருந்த காலத்தில் இருந்த பொத்தான்களில் பாதி இப்போது இல்லை. ஆகவே அதை விட்டுவிடுவோம்.

தொழில் மட்டும் மாறவில்லை. ஹெலிகொப்டர் ஓட்டுபவருக்குத் தன் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஹெலிகொப்டரின் வயிற்றுக்கடியில் ஒரு கமரா, வாலில் ஒரு கமரா. படம் இரண்டு திரைகளுக்கு வரும். ஒன்று விமானிக்கு முன்னால், கை அகலம்தான். மற்றது பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு, நல்ல பெரிதாக. அவர் காற்றையும் மானிகளையும் தூரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் தரையைப் பார்த்து, "முன்னுக்கு, இடது, நில்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மின்கம்பி பார்க்கப் போனாலும் கயிற்றில் சாமான் தூக்கிப் போனாலும் இதுதான் வேலை. அவர் உங்கள் கண்ணை நம்பி இறங்குகிறார்.

நான் இதற்கு வந்த வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். மன்னாரில், பள்ளிமுனையில் கலியாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவள் நான். கலியாணம், பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை, செத்த வீடு, எதற்குக் கூப்பிட்டாலும் கமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு திருவிழாவில் மாதாவைப் படகில் வைத்துக் கடலில் சுற்றி வந்தபோது, ஆடுகிற பக்கத்துப் படகில் நின்று நான் எடுத்த படம் ஆடவில்லை என்று யாரோ ஹெலிகொப்டர் கம்பனிக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். வந்து கேட்டார்கள். சம்மதித்துவிட்டேன். வீட்டில் மனுசன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கலியாண வீட்டில விழுந்தால் பந்தலுக்குள்ள விழுவாய். இதில விழுந்தால் எங்க விழுவாய்?" என்று கேட்டார்.

சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு வாய்த்த விமானி என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வெளிநாட்டில் கடலுக்கு நடுவே எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிப் பழகியவர். பெயரைப் போடமாட்டேன். போட்டால் அடுத்த நாளே போன் எடுத்துச் சண்டைக்கு வருவார். தரையில் நான் அவரைத் "தம்பி" என்பேன். ஏறிப் பெல்ட்டைப் போட்டுவிட்டால் "கப்டன்". அவர் எங்கே இருந்தாலும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் தலைமன்னார்ப் பக்கம் ஒரு வெளியில் இறங்கப் போனோம். திரையில் வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்று தெரிந்தது. "வலப்பக்கம் ஒரு பெரிய கல்லு. தூரத்தான் கிடக்குது. இறங்குங்கோ" என்றேன், வெகு நம்பிக்கையாக. கல் காதை ஆட்டியது. பிறகு நடந்து எங்களுக்கு நேர் கீழே வந்து நின்றது. கழுதைக்குப் பெயர்போன மன்னாரில் பிறந்து வளர்ந்தவள் ஒரு கழுதையைக் கல் என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? கப்டன் ஹெலிகொப்டரை மேலே எடுத்து, வேறு இடத்தில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் சிரித்தார்.

"அக்கா, உங்கட ஊரில கல்லுக்கும் நாலு காலோ?"

சிரித்து முடித்த பிறகு அவர் சொன்ன விடயத்துக்காகத்தான் இந்தக் கழுதைக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

"காண்கிறதை மட்டும் சொல்லுங்கோ. சாம்பல் நிறம், ஆட்டு உயரம், அவ்வளவும் போதும். கல்லு எண்டு நீங்கள் முடிவெடுத்தால் நானும் கண்ணை மூடிடுவன். இன்னொண்டு. நீங்கள் 'மேலே' எண்டு சொன்னால் ஏனெண்டு நான் கேக்கமாட்டன். ஏறினாப் பிறகுதான் கேப்பன். நீங்களும் காரணத்தைத் தேடிக்கொண்டு நிக்கக்கூடாது."

"பிழையாச் சொல்லிப்போட்டால்?"

"கொஞ்சம் எண்ணெய் போகும்."

இப்படிப் பேசுகிற விமானிகள் கொஞ்சப் பேர்தான். கிடைத்தால் அவர்களைக் கைவிடாதீர்கள்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். ஒரு மாரி மழைக்கு, மன்னாரின் தெற்கே முசலிப் பக்கம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் வந்துவிட்டது. தெரு எது, குளம் எது என்று தெரியவில்லை. பெரிய ஹெலிகொப்டர்கள் எல்லாம் வேறு பக்கங்களில் வேலையாக இருந்தன. மின்கம்பி பார்க்கிற எங்களுடைய சின்னதையும் உதவிக்குக் கேட்டார்கள்.

ஒரு ஊரில் உயர்தர வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தியைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. வெள்ளத்துக்குப் பயந்து பாம்பும் வீட்டுக்குள்தானே வரும். கடைக்காரர் ஒருவரின் ஒரே மகள். அலுமாரியின் அடித்தட்டில் இருந்த புத்தகங்களைத் தூக்கி மேலே வைக்கப் போனவளின் கையில் கடித்திருக்கிறது. மருந்து மன்னார் ஆஸ்பத்திரியில் இருந்தது. தெரு தண்ணீருக்குள். அந்த நீரோட்டத்தில் படகு விட ஒருவரும் துணியவில்லை. பல் முரசில் இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது என்று போனில் சொன்னார்கள். புடையன் கடியில் அது நல்ல அடையாளம் இல்லை.

ஊரில் தண்ணீர் ஏறாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோயில் முன்றல். சவேரியார் கோயிலோ அந்தோனியார் கோயிலோ, ஞாபகம் இல்லை. அந்தக் கோயிலுக்கு வருகிற வேதக்காரர், முஸ்லிம் ஆட்கள் என்று ஊர் முழுக்க அங்கேதான் ஏறி நின்றது. எங்கள் கம்பனிக் கந்தோரில் மேசை வேலை பார்த்த தம்பி ஒருவர் போன் எடுத்து, "ஹெலிகொப்டர் வரும். இறங்கிற இடத்தில வெள்ளை போட்டு வையுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். பேசிய கையோடு ஊர்ப் பக்கத்துப் போன்களெல்லாம் செத்துவிட்டன.

அந்தத் தம்பி சொன்னது சுண்ணாம்பை. விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடுகிற மாதிரி ஒரு சிலுவை போட்டால் மேலேயிருந்து தெரியும் என்று நினைத்திருக்கிறார். போனை எடுத்தது கோயில் மூப்பர். பாவம், கோயில் அலுவல்களை முன்னின்று நடத்துகிற மனிதருக்கு வெள்ளை என்றால் என்ன? ஆயர் வரும்போதும் பொண்ணு மாப்பிள்ளை வரும்போதும் நடந்து வர நிலத்தில் விரிக்கிற வெள்ளைத் துணி, நிலபாவாடைதான்.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

பனை வட்டுகளுக்கு மேலால் போனோம். கீழே எங்கும் தேத்தண்ணி நிறத்தில் வெள்ளம். கோயில் கோபுரத்தைக் கண்டுபிடித்துக் கப்டன் தாழ்த்தினார். முன்றலின் நடுவே நீளமாக, பளிச்சென்று ஒரு வெள்ளை.

"அக்கா, அடையாளம் தெரியுது. வடிவாப் போட்டிருக்கினம்."

உண்மையில் அழகாகத்தான் இருந்தது. நூல் பிடித்தது போல நேராக. நான் சொல்லத் தொடங்கினேன். முன்னுக்கு. முன்னுக்கு. கொஞ்சம் இடது. இறங்கலாம். முன்றலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் பிள்ளையை வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஒருவர் அந்தத் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தகப்பன் என்று தெரிந்தது.

தாழத் தாழ, திரை இருண்டது. வெள்ளை மட்டும் பிரகாசமாக நின்றது, சுற்றியிருந்த மனிதர்கள் எல்லாம் கறுத்துப் போனார்கள். இந்த இருட்டை எனக்குத் தெரியும். கலியாண வீட்டில் பொண்ணு மாப்பிள்ளை நிலபாவாடையில் கால் வைத்ததும் கமரா இப்படித்தான் செய்யும். துணியின் வெளிச்சத்துக்கு ஒடுங்கி, பொண்ணின் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். எத்தனை பொண்ணுகளின் தாய்மாரிடம் இதற்காகப் பேச்சு வாங்கியிருக்கிறேன்! ஈர மண்ணில் போட்ட சுண்ணாம்பு இவ்வளவு வெளிச்சம் காட்டுமா? காட்டாது என்று தோன்றியது. ஆனால் வெயில் பட்டால் காட்டுமோ? புதுக் கமராவின் குணமோ? நிச்சயமாகத் தெரியவில்லை. நான் கழுதையைக் கல் என்று சொன்னவள்.

வெள்ளையின் ஒரு மூலை மடிந்தது. மடிந்து, திரும்பப் படுத்தது. அல்லது அப்படி எனக்குத் தெரிந்தது.

ஒரு பக்கம் கதிரையில் அந்தப் பிள்ளை. இன்னும் ஒரு பனை உயரம் இறங்கினால் ஏற்றிவிடலாம்.

"மேலே" என்றேன்.

கப்டன் ஒரு சொல் கேட்கவில்லை. ஹெலிகொப்டர் எழும்பியது. திரையில் எல்லாம் சின்னதாகிக்கொண்டு போனபோது, கதிரைக்குப் பக்கத்தில் நின்ற அந்த மனிதர் முன்றலின் குறுக்கே ஓடி வந்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் ஓடினார். தண்ணீர் விளிம்பு வந்த பிறகும் நிற்கவில்லை, முழங்கால் அளவுக்கு இறங்கி ஓடினார். கப்டனின் சின்னத் திரையில் அது தெரிந்திருக்காது. நானும் சொல்லவில்லை.

"இப்ப சொல்லுங்கோ, அக்கா."

"துணி. வெள்ளை விரிச்சிருக்கினம்."

ஹெலிகொப்டரைச் சாய்த்துத் திருப்பிக்கொண்டே கப்டன் கேட்டார்.

"நிலபாவாடையோ?"

"ஓம்."

"எனக்கோ?"

"உங்களுக்குத்தான் கப்டன். ஆயருக்குப் பிறகு நீங்கள்தான்."

சிரித்தார். உடனே நிறுத்திவிட்டார். எங்கள் காற்றில் அந்தத் துணி கிளம்பி வால் விசிறியில் சுற்றியிருந்தால், அந்தப் பிள்ளையையும் சுற்றி நின்ற சனத்தையும் நசுக்கிக்கொண்டு நாங்கள் விழுந்திருப்போம். இருவருக்கும் அது தெரியும்.

வட்டமடித்தோம். ஊர் நினைத்தது வேறு. இவர்களுக்கு வெள்ளை தெரியவில்லைப்போல என்று நினைத்திருக்கிறார்கள்.

"அக்கா, இப்ப என்ன செய்யினம்?"

"இன்னொண்டு கொண்டு வந்து விரிக்கினம்."

"ஐயோ."

"மூண்டாவதும் வருகுது. இது சிவப்பு."

எரிபொருள் மானியைப் பார்த்துவிட்டுக் கப்டன் சொன்னார், இன்னும் கொஞ்ச நேரம்தான் நிற்கலாம், அதன் பிறகு மன்னாருக்குப் போய் எண்ணெய் அடித்துக்கொண்டு வர வேண்டும் என்று. போய் வருகிற நேரம் அந்தப் பிள்ளையிடம் இல்லை.

"கப்டன், தள்ளித் தண்ணிக்கு மேல தாழ்த்தி, என்ர பக்கத்தை அவைக்குக் காட்டுங்கோ. கதவைத் திறக்கப்போறன்."

"பெல்ட்?"

"போட்டிருக்கிறன். என்ர மனுசன் ஏற்கெனவே சந்தேகத்தில இருக்கிறார்."

கதவைத் திறந்து, துணியை எடுங்கோ, எடுங்கோ என்று கையை வீசிக் காட்டினேன். முழு ஊரும் சந்தோசமாகத் திருப்பிக் கையை வீசியது. சின்னப் பிள்ளைகள் துள்ளித் துள்ளி வீசினார்கள். மூப்பர், வெள்ளை வேட்டியோடு நின்றவர், கும்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில். மேலேயிருந்து காட்டுகிற கைக்கு ஒரே கருத்துத்தான் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள் பிள்ளைகளே. கீழே நிற்பவர் எதற்காகக் காத்திருக்கிறாரோ அந்தக் கருத்தைத்தான் எடுப்பார்.

நோயாளிக்கென்று வைத்திருந்த போர்வை காலடியில் கிடந்தது. அதை எடுத்து மடியில் விரித்தேன். பிறகு விடிய எழும்பிப் பாய் சுருட்டுகிற மாதிரி, ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தேன். திரும்ப விரித்தேன். திரும்பச் சுருட்டினேன். காற்று பாதிப் போர்வையைப் பிடுங்கப் பார்த்தது. ஹெலிகொப்டரில் வந்த ஒருத்தி வாசலில் உட்கார்ந்து பாய் சுருட்டுகிறாளே என்று ஊர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

கையை வீசாமல் நின்ற ஒரே ஆள் அந்தத் தகப்பன்தான். அவருக்குத்தான் முதலில் விளங்கியது. நனைந்த சாரத்தோடு ஓடிப்போய் வெள்ளையின் ஒரு தலைப்பைப் பிடித்து இழுத்தார். மூப்பர் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். கோயில் துணியல்லவா! இழுக்கிறார்கள், இரண்டு பேரும், என் கண்ணுக்கு எதிரே, சத்தமே இல்லாமல். கயிறு இழுத்தல் போட்டியேதான்.

"விடுங்கோ ஐயா! விடுங்கோ!" என்று கத்தினேன்.

கத்தியது ஹெட்செட்டுக்குள். கேட்டது ஒரே ஒருவருக்கு.

"எதை அக்கா விட?" என்றார் கப்டன், பதறிப்போய்.

மூப்பர் தலையைத் தூக்கினார். நான் சுருட்டுவதைப் பார்த்தார். கையிலிருந்த தலைப்பைப் பார்த்தார். சட்டென்று விட்டார். தகப்பன் துணியோடு மல்லாந்து விழுந்தார். அதன் பிறகு அந்த வயதான மனிதர் காட்டிய வேகத்தை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. மூன்று துணியையும் வாரிக் கோயிலுக்குள் எறிந்து, கதவைச் சாத்தி, கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"தரை வெறுமை. ஈரமண். சனம் ஓரத்தில. துணி ஒண்டும் இல்லை" என்றேன். கண்டதை மட்டும். கப்டன் இறக்கினார்.

கதிரையோடு பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். உதட்டோரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. தகப்பனும் ஏறினார். கதவைச் சாத்தப் போகையில் மூப்பர் குனிந்து ஓடி வந்து என் காதருகில் கத்தினார்.

"வெள்ளை போடச் சொன்னவை, பிள்ளை. இருந்ததில நல்லதைத்தான் போட்டனாங்கள்."

"ஓம் ஐயா. நல்ல வெள்ளை" என்று நானும் கத்தினேன்.

அன்றிலிருந்து எங்கள் கந்தோரில் "வெள்ளை" என்ற சொல்லைப் போனில் சொல்லக்கூடாது என்றாகிவிட்டது. "சுண்ணாம்பு" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, என்ன விளங்கியது என்று அவர்களைக் கொண்டே திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். உங்களுக்கும் அந்த விதியைச் சொல்லித் தந்திருப்பார்கள். எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊர்களில் உங்களுக்குத் தடையாக வருவது அநேகமாக அன்பாகத்தான் இருக்கும். மாலையோடு ஓடி வருவார்கள், பட்டாசு கொளுத்துவார்கள், பன்னீர் தெளிக்க வருவார்கள். கோபப்படாதீர்கள். ஆனால் அது கலையும் வரைக்கும் இறங்கவும் வேண்டாம்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தாள். கையில் பெரிய கட்டு. சிறுநீரகம் பிழைத்துவிட்டது என்று சொன்னார்கள். என்னைக் கண்டதும், "பாய் சுருட்டின அன்ரி" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பே போதும் என்றிருந்தது.

தகப்பன் என்னை வெளியே கூட்டிப் போய்த் தேத்தண்ணி வாங்கித் தந்தார். தான் குடிக்கவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டிருந்தார்.

"நான் பின்னால ஓடி வந்தது உங்களுக்குத் தெரிஞ்சதா?"

"தெரிஞ்சது, நானா." முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"தெரிஞ்சுமா போனீங்க?"

"ஓம்."

பொய் சொல்லியிருக்கலாம். திரையில் தெரியவில்லை என்று சொன்னால் அவரும் நம்பியிருப்பார். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தண்ணிக்குள்ள நிண்டு உங்களுக்குப் பதுவா கேட்டுட்டன். இந்த ஹெலிகொப்டரில வந்தவங்களுக்கும் இவங்கட புள்ளையளுக்கும் இதே கதி வரணும் எண்டு, அல்லாஹ்விட்ட வாயால கேட்டுட்டன். அண்டையில இருந்து ஒவ்வொரு தொழுகையிலயும் அதைத் திருப்பித் தா எண்டு கேக்கிறன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதர் மகளுக்காகக் கேட்டதைவிட எனக்காகக் கேட்டதுதான் அந்த நாட்களில் கூடவாக இருந்திருக்கும்.

"நானா, என்ர பிள்ளை அந்தக் கதிரையில இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பன்" என்றேன். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

குடித்தார்.

பிள்ளைகளே, 'மேலே' என்று சொல்லும்போது உங்கள் திரையிலும் யாராவது கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அப்போதும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவரைத் திரையிலிருந்து தவறவிடாமல் வட்டமடியுங்கள்.